கறுப்பு எழுத்தில் இருந்த ஒரு வரி

கேள்வி: நாங்கள் மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்து, இப்போது டவுனில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு 27 வயது. பாலர் பள்ளி ஆசிரியை. திருமணமாகி ஓராண்டு ஆகிறது. இப்போது 11 வாரக் கர்ப்பம். அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த ரத்தச் சோதனையில் குறை எதுவும் சொல்லவில்லை. தோழி சொன்னாள் என்று ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ‘முழுச் சோதனை’ செய்துகொண்டாள். அறிக்கையில் ஐந்து வரிகள் சிவப்பு எழுத்தில் வந்திருக்கின்றன. ஹெர்பீஸ் டைப் 1 ஐஜிஜி பாசிட்டிவ், எப்ஸ்டீன்-பார் ஐஜிஜி பாசிட்டிவ், சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவ், சிஎம்வி ஐஜிஎம் எல்லைக்கோடு, ஹெப்பாடைட்டிஸ் பி எதிர்ப்பொருள் பாசிட்டிவ். ஹெர்பீஸ் டைப் 2, ஹெப்பாடைட்டிஸ் பி ஆன்டிஜென், ருபெல்லா ஐஜிஜி மூன்றும் கறுப்பு எழுத்தில் நெகட்டிவ். அந்த மட்டில் மாரியம்மன் காப்பாற்றினாள். சம்பந்தி அம்மா கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, ‘இது தப்பான வழியில் வரும் நோய், எங்கிருந்து வந்தது?’ என்று கேட்கிறார். கலைத்துவிடுவது நல்லது என்றும் சொல்கிறார். மருமகன் மூன்று நாட்களாகச் சரியாகப் பேசவில்லை. என் பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள். நாங்கள் என்ன செய்யவேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாளை வைத்துக்கொண்டு கர்ப்பத்தைக் கலைக்கும் பேச்சை யாரும் எடுக்கக்கூடாது. சம்பந்தி அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அப்படி ஒரு முடிவுக்கு இடம் தரும் வரி இந்த அறிக்கையில் ஒன்றுகூட இல்லை. மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. 31 ஆண்டுகள் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ரத்தம் சோதித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஆனால் அந்தத் தாளில் இருக்கும் சொற்கள் எப்படிப் பிறக்கின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவே இயலாது என்பதை நான் சொல்லலாம்.

நீங்களும் தோட்டத்தில் இருந்தவர் என்பதால் பால்மரத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு மரத்தைப் பார்த்ததும் அதை எப்போது சீவினார்கள் என்று உங்களால் சொல்லிவிட முடியும். வெட்டுக்கோடு ஈரமாக இருந்து, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டினால், இன்று காலை சீவிய மரம். கோடு ஆறி, மேலே புதுப் பட்டை வளர்ந்திருந்தால், என்றோ சீவிய மரம். நம் உடலுக்குள் ஒரு வைரஸ் நுழையும்போது உடல் அதை எதிர்க்க எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. முதலில் வருவது ஐஜிஎம். சில நாட்களில் தோன்றி, சில வாரங்களிலோ மாதங்களிலோ வற்றிவிடும். அதுதான் மங்கில் சொட்டும் பால். அடுத்து வருவது ஐஜிஜி. அது பல வைரஸ்களுக்கு ஆயுள் முழுக்க ரத்தத்தில் நிற்கும். அதுதான் ஆறிய பட்டை. ஐஜிஜி பாசிட்டிவ் என்றால், ‘இந்தக் கிருமியை அல்லது இதன் தடுப்பூசியை இந்த உடல் எப்போதோ பார்த்திருக்கிறது’ என்பது மட்டுமே பொருள். எப்போது, எங்கே, யாரிடமிருந்து என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடையாது.

இனி உங்களை மிகவும் சுட்ட வரிக்கு வருகிறேன். ஹெர்பீஸ் டைப் 1. உதட்டோரத்தில் காய்ச்சலுக்குப் பின் கொப்புளம் கொப்புளமாக வருமே, அந்தப் புண்ணின் கிருமிதான் இது. உலகில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் உடலில் இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது. பலருக்கும் இது பிள்ளைப் பருவத்திலேயே எச்சில் வழியாக வந்துவிடுகிறது. உங்கள் மகள் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்திருந்தால் நினைத்துப் பாருங்கள்: பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஒரே குவளை, ஒருவர் வாயில் வைத்த பொம்மை அடுத்தவர் வாயில். போகிற வருகிற அத்தை மாமன் எல்லாரும் கன்னத்திலும் வாயிலும் முத்தம். அங்கேயே இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கலாம். டைப் 1 சில நேரங்களில் தாம்பத்திய உறவின் வழியாகவும் பரவும் என்பது உண்மை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் எந்த வழியாக வந்தது என்று இந்தச் சோதனையால் காட்டவே இயலாது. உங்கள் மருமகனின் ரத்தத்தையும் சம்பந்தி அம்மாவின் ரத்தத்தையும் சோதித்தால் அவர்களுக்கும் இதே சிவப்பு வரி வருவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளக்கும் கோலாக இந்த வரியை யாராவது கையில் எடுத்தால் அது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. மருமகன் இதைப் படிக்கவேண்டும். படித்துவிட்டு மனைவியிடம் பேசவேண்டும்.

ஒன்று மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கணவன் மனைவி இருவரில் யாருக்காவது பிறப்புறுப்பில் கொப்புளமோ புண்ணோ வந்ததுண்டு என்றால் மறைக்கவேண்டாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முதலாக வரும் தொற்றுதான் பிள்ளைக்கு ஆபத்தானது. பழைய தொற்று உள்ள தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குள் போய் ஓரளவு காவலாகவே நிற்கிறது.

எப்ஸ்டீன்-பார் வரியை அப்படியே மறந்துவிடலாம். 1964இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வைரஸ், வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்திருப்பதுதான். ஹெர்பீஸ், எப்ஸ்டீன்-பார், சிஎம்வி, சின்னம்மை நான்கும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். வந்தால் உடலின் ஒரு மூலையில் ஆயுளுக்கும் தங்கிவிடும். நம் பாட்டிமார் காவிக்கல்லைக் குழைத்து ‘அக்கி’ எழுதினார்களே, அது பெரும்பாலும் சின்னம்மைக் கிருமி பல ஆண்டுகள் தூங்கி மறுபடியும் எழுவதுதான்.

ஹெப்பாடைட்டிஸ் பி வரியைப் பார்த்து நீங்கள் பயந்ததுதான் எனக்கு வருத்தம். அது நல்ல செய்தி. இந்த நோய் இருக்கிறதா என்று காட்டுவது ஆன்டிஜென். அது உங்கள் மகளுக்கு நெகட்டிவ். பாசிட்டிவாக வந்திருப்பது எதிர்ப்பொருள், அதாவது காவல். மலேசியாவில் 1989 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடப்படுகிறது. உங்கள் மகளும் அந்த ஊசி போட்ட தலைமுறைதான். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கணினி ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லைக் கண்டால் சிவப்பு அடிக்கிறது. எது நல்ல பாசிட்டிவ், எது கெட்ட பாசிட்டிவ் என்று அதற்குத் தெரியாது. தெரிந்த மனிதர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்காமல் இப்படி ஒரு தாளைக் கர்ப்பிணியின் கையில் கொடுத்து அனுப்பியது பெரிய தவறு.

சிஎம்வி ஐஜிஎம் ‘எல்லைக்கோடு’ என்ற வரியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். சிஎம்வி என்பது சைட்டோமெகலோ வைரஸ், கர்ப்பத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகக்கூடியது. ஐந்து சிவப்பு வரிகளில் மேற்கொண்டு ஏதாவது செய்யவேண்டியது இது ஒன்றுக்குத்தான்.

எலைசா என்று நாங்கள் செய்யும் சோதனையில் 96 சிறு குழிகள் உள்ள ஒரு தட்டு இருக்கும். 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மான் என்ற இருவர் வெளியிட்ட முறை அது. குழியின் அடியில் வைரஸின் துணுக்குகள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அதில் ரத்தத்தின் தெளிநீரை விடுவோம். எதிர்ப்பொருள் இருந்தால் துணுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்காதது எல்லாம் கழுவும்போது போய்விடும். பிறகு, பிடித்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு நொதியையும், அது நிறமாக்கும் ஒரு கரைசலையும் சேர்த்தால் நீலம் பூக்கும். அமிலம் விட்டதும் அது மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்பதைக் கருவி அளந்து ஓர் எண் தரும். குறிப்பிட்ட எண்ணுக்கு மேலே பாசிட்டிவ், கீழே நெகட்டிவ், நடுவில் ஒரு குறுகிய வரப்பு. அந்த வரப்புதான் எல்லைக்கோடு. இன்று பல இடங்களில் முழுவதும் இயந்திரமே செய்கிறது, நிறத்துக்குப் பதில் ஒளியை அளக்கிறது. ஆனால் வரப்பு அப்படியே இருக்கிறது. எண் வரப்பில் நின்றால், ‘ஆம்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அதோடு ஐஜிஎம் நம்மை ஏமாற்றக்கூடியது. சீவுவதை நிறுத்திய பிறகும் மங்கில் உறைந்த ஒட்டுப்பால் கிடப்பதுபோல், சிஎம்வி ஐஜிஎம் சிலருக்குத் தொற்று முடிந்து பல மாதங்கள் கழித்தும் மிஞ்சியிருக்கும். எப்ஸ்டீன்-பார் போன்ற வேறொரு வைரஸுக்கு எழுந்த எதிர்ப்பொருள் இந்தச் சோதனையில் ஒட்டிக்கொண்டு பொய் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. கணக்காகவே பாருங்கள். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் கர்ப்பிணிகளில் ஐந்து பேருக்கு உண்மையிலேயே புதுத் தொற்று என்றும், நூற்றுக்கு இரண்டு பேரைச் சோதனை தவறாகச் சுட்டுகிறது என்றும் வையுங்கள். உண்மையான ஐந்து பேரோடு பொய்யாக ஏறக்குறைய இருபது பேரும் சிவப்பு எழுத்தில் வருவார்கள். அந்த இருபது குடும்பங்களும் இப்போது உங்கள் வீடு இருப்பதுபோல்தான் இருக்கும்.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு கசப்பான பாடம் உண்டு. 1998, 1999இல் முதலில் ஈப்போ வட்டாரத்திலும் பிறகு நம் நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிப் பண்ணைக்காரர்கள் மூளைக்காய்ச்சலில் விழுந்தார்கள். சிலருடைய ரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் ஐஜிஎம் இருந்தது. கொசுவால் வரும் அந்த நோய்தான் என்று நம்பிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியிடமிருந்து வேறொரு புதிய வைரஸை வளர்த்தெடுத்தார். அதுதான் நிப்பா. நம் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதங்களில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எங்களுக்கு அது மறக்காது. ரத்தத்தில் ஓர் எதிர்ப்பொருள் கண்ணில் பட்டது என்பதற்காக அதையே குற்றவாளியாக எழுதிவிடக்கூடாது என்று அன்று கற்றோம்.

ஆகவே, சிஎம்விக்கு அடுத்த படி ‘அவிடிட்டி’ என்னும் சோதனை. எதிர்ப்பொருள் வைரஸை எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்று அது பார்க்கும். புதிதாகச் சீவுகத்தி எடுத்தவரின் பிடிக்கும் பல ஆண்டுகள் பழகிய கையின் பிடிக்கும் வேறுபாடு தெரியும் அல்லவா, அதுபோல. யூரியாக் கரைசலால் கழுவும்போது புது எதிர்ப்பொருள் விட்டுவிடும், முதிர்ந்தது விடாது. பிடி இறுக்கமாக இருந்தால் தொற்று மூன்று நான்கு மாதங்களுக்கு முந்தையது. உங்கள் மகளுக்கு இப்போது 11 வாரம். இப்போதே எடுத்துப் பிடி இறுக்கம் என்று வந்தால், கரு உருவாகும் முன்பே அந்தத் தொற்று வந்துபோய்விட்டது என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம். ஆறாம் மாதத்தில் எடுத்தால் அதே விடை அவ்வளவு உதவாது. ஆகையால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எல்லா ஆய்வுக்கூடத்திலும் இது செய்வதில்லை. ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பவேண்டியிருக்கலாம்.

பிடி தளர்வாக வந்தால்? அப்போதும் கதவு மூடிவிடவில்லை. கர்ப்பத்தில் முதல் தொற்று வந்த தாய்மாரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் பிள்ளைக்கே அது போகிறது. போன பிள்ளைகளிலும் பெரும்பாலோர் எந்தக் குறையும் தெரியாமல் பிறக்கிறார்கள். சிலருக்குச் செவித்திறன் பாதிக்கப்படும் என்பதால் நிபுணர் ஸ்கேனிலும், தேவைப்பட்டால் வேறு சோதனைகளிலும் தொடர்ந்து கவனிப்பார்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடம் சிவப்பு எழுத்தில் இல்லை. மாரியம்மன் காப்பாற்றினாள் என்று நீங்கள் நிம்மதி அடைந்த ‘ருபெல்லா ஐஜிஜி நெகட்டிவ்’ என்ற கறுப்பு வரியில்தான்.

ருபெல்லா என்பது ஜெர்மன் தட்டம்மை. பெரியவர்களுக்கு லேசான காய்ச்சல், மெல்லிய தடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பத்தின் முதல் 12 வாரங்களில் வந்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் வரை பாதிக்கப்படலாம்: கண்புரை, செவிடு, இதயக் குறை. 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த பிள்ளைகளின் தாய்மார் கர்ப்பத் தொடக்கத்தில் ஜெர்மன் தட்டம்மை கண்டவர்கள் என்பதைக் கவனித்து எழுதினார். அதற்கு முன் யாரும் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை. இங்கே ஐஜிஜி பாசிட்டிவாக இருப்பதுதான் காவல். நெகட்டிவ் என்றால் வேலி இல்லாத தோட்டம்.

பயப்படவேண்டாம், தடுப்பூசியால் ருபெல்லா இன்று நம் நாட்டில் மிகவும் அரிதாகிவிட்டது. உங்கள் மகளின் பழைய ஊசி அட்டையையும் பள்ளி ஊசிப் பதிவையும் தேடி எடுங்கள். ஊசி போட்டிருந்தும் சிலருக்கு எதிர்ப்பொருள் குறைந்து, சோதனையின் வரப்புக்குக் கீழே போய்விடுவதுண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு இருக்கும். பதிவே இல்லை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இந்த ஊசி உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. அதனால் கர்ப்பத்தில் போடமாட்டார்கள். மருமகன் போட்டிருக்காவிட்டால் அவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பேசாமல் இருப்பதைவிட மனைவிக்கு அவர் செய்யக்கூடிய நல்ல காரியம் அது.

பாலர் பள்ளியில் எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சலோடு தடிப்பு வந்தால் மகள் அன்றே கிளினிக்கிற்குப் போகவேண்டும். தடிப்பு தன் உடம்பில் வரும்வரை காத்திருக்கக்கூடாது. அங்கே உடனே ஒரு முறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறையும் ரத்தம் எடுப்பார்கள். அப்போது இந்த ‘நெகட்டிவ்’ தாள் மிகவும் பயன்படும், கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முன்பு இல்லாதது இப்போது வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட உறுதியான சான்று எங்கள் தொழிலில் குறைவு. 1967இல் பிலடெல்பியாவில் ஹென்லே தம்பதியர் எப்ஸ்டீன்-பார் வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எதிர்ப்பொருள் இல்லாத ரத்தம் என்று ஒப்பிடுவதற்குத் தங்கள் ஆய்வுக்கூட ஊழியர் ஒருவரின் ரத்தத்தையே பயன்படுத்தினார்கள். அவருக்குச் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. தேறி வந்த பிறகு சோதித்தால் பாசிட்டிவ். அந்த மாற்றத்திலிருந்துதான் அந்தக் காய்ச்சலின் காரணம் தெரியவந்தது.

வேலையை விடவேண்டுமா என்று மகள் கேட்பாள். அதை மருத்துவரும் அவளும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் சிஎம்வி இருக்கும். ஆகவே மூக்குத் துடைத்தாலும் உடை மாற்றிவிட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும், பிள்ளை கடித்த பிஸ்கட்டை வாயில் போடக்கூடாது, முத்தம் கொடுப்பதானால் நெற்றியில் கொடுக்கலாம்.

ஏன் அரசாங்கக் கிளினிக்கில் இத்தனை வைரஸ்களையும் சோதிக்கவில்லை என்றும் நீங்கள் நினைக்கலாம். அவர்கள் எச்ஐவி, சிபிலிஸ், ஹெப்பாடைட்டிஸ் பி போன்றவற்றைத் தேடுவதற்குக் காரணம், கண்டுபிடித்தால் உடனே செய்ய வழி இருக்கிறது, பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்ததற்குப் பின்னால் இருப்பது, கிளினிக் தாதிகள் சலிக்காமல் எடுத்த இந்த ரத்தங்கள்தான். எப்ஸ்டீன்-பார் ஐஜிஜியைக் கண்டுபிடித்து என்ன செய்வது? விடை என்னவாக வந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை என்றால் அந்தச் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். ருபெல்லா சோதனை மட்டும் அந்த 280 வெள்ளியில் வீண்போகவில்லை.

கிளினிக்கிற்குப் போகும்போது அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும், எண்கள் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து, எடுத்துப் போங்கள். ரத்தம் எடுத்த தேதியை மறக்கவேண்டாம். மருமகனையும் கூட்டிப் போங்கள். மருத்துவர் சொல்வதை அவர் காதால் கேட்கட்டும். அதோடு மகளின் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தாதியிடம் சொல்லி, ‘ருபெல்லாவுக்கு எதிர்ப்பொருள் இல்லை, பிரசவத்துக்குப் பின் ஊசி போடவேண்டும்’ என்று பெரிதாக எழுதி வாங்குங்கள். பால் கொடுக்கும்போது இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். போட்ட பின் ஒரு மாதத்துக்கு மறு கர்ப்பம் தவிர்க்கவேண்டும். எழுதி வைக்காவிட்டால் பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் எல்லாரும் மறந்துவிடுவீர்கள்.